தண்ணீர் ஊற்ற விடாதவர்

காலை ஏழு மணிக்கு என் கைபேசி அடித்தால் அது மினதி பௌதியாகத்தான் இருக்கும். ஹவுராவில், மூடிக் கிடக்கும் ஒரு பழைய பட்டறையின் கழிவுமேட்டை ஒட்டிய சந்தில் அவர் வீடு. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. சந்திலுள்ள எல்லோருக்கும் அவர் பௌதி, எனக்கும் பௌதி. மேட்டின் அடியில் நாங்கள் தோண்டிய கசிவுக் கிணற்றில் மூங்கில் கோலை இறக்கி, தண்ணீர் எத்தனையாவது கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது இரண்டு வருடமாக அவருடைய முதல் வேலை. "மூணு கோடு, தாதா" என்பார்; தாதா என்றால் அண்ணன். நான் நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த எண்ணை என் அலுவலகத்து அமுதாவுக்கு அனுப்புவேன். அமுதாவிடமிருந்து "சரி" என்று ஒரே சொல் வரும்.

இந்தச் சித்திரை பிறந்த நான்காம் நாளும் ஏழு மணிக்கு அடித்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். "எத்தனை, பௌதி?" என்றேன். "அமுதாதி ஆர் நேய், தாதா" என்றார். அமுதா அக்கா இனி இல்லை. விடியும் நேரத்தில் காளிகாட் வீட்டில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அமுதாவின் அம்மா மகளின் கைபேசியை எடுத்து, கடைசியாகப் பேசியிருந்த எண்ணை அழுத்தியிருக்கிறார். அது மினதி பௌதியின் எண்.

நான் நோட்டில் தேதியை மட்டும் எழுதினேன். எண்ணுக்கான இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நம் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு அமுதாவைப் பொங்கல் விழாவில் காபி சரியில்லை என்று குறை சொல்கிறவராகத்தான் தெரியும். அவருடைய அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அமுதா ஹவுராப் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் தஞ்சாவூர் பாதி, ஹவுரா பாதி. இன்னும் சிலருக்கு, ஒரு கோடையில் சங்கத்துத் தோட்டக்காரர் கையிலிருந்து ரப்பர் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டவராக நினைவிருக்கலாம். "மரத்தை ஏன் இப்படிக் கெடுக்கிறீங்க?" என்று அவர் கேட்டதும், தோட்டக்காரர் செயலாளரிடம் போய் முறையிட்டதும் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் கெட்ட பெயர் எனக்குத்தான். அவர் போன பிறகு அதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நாங்கள் இருவரும் ஜாதவ்பூரில் மண் பரிசோதனை செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தோம். வயதில் நான் ஆறு வருடம் மூத்தவன், பதவியிலும் ஒரு படி மேல். ஆனாலும் எங்கள் அலுவலகத்தின் முக்கியமான சட்டம் அமுதா போட்டதுதான். காலையில் கீழே கடையிலிருந்து மண் குவளைகளில் டீ வரும். யாரும் உடனே எடுக்கக் கூடாது. நேற்று செய்த தப்பை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பிறகுதான் டீ. "தப்பு ஆறிப் போனா யாரும் சொல்ல மாட்டாங்க. டீ ஆறிப் போகும்னா சீக்கிரம் சொல்லுவாங்க" என்பார். அவர்தான் முதலில் ஆரம்பிப்பார். ஒரு நாள், "நேத்து அனுப்பின வரைபடத்துல வடக்கைத் தெற்கா போட்டுட்டேன்" என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். சேர்ந்த புதிதில் நான் ஒன்பது நாள் தொடர்ந்து "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். பத்தாம் நாள் அவர் என் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு, "அப்ப ஒன்பது நாளா நீங்க வேலையே செய்யலை போல, அண்ணாச்சி" என்றார். நான் திருநெல்வேலிக்காரன் என்பதால் அந்த அண்ணாச்சி. பாதி மரியாதை, பாதி கேலி.

ஹவுரா வேலை எங்களிடம் வந்தபோது நாங்கள் முதல் நாளிலிருந்தே சண்டை போட்டோம். அந்தப் பட்டறையில் உலோகத்துக்கு முலாம் பூசியிருக்கிறார்கள். கழிவையெல்லாம் பின்பக்கம் கொட்டிக் கொட்டி அது ஒரு மேடாகிவிட்டது. பட்டறை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, மேடு அங்கேயே இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் மேட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் குரோமிய நஞ்சைக் கரைத்துக்கொண்டு அடுத்த பக்கம் குளத்தில் மஞ்சளாக வெளிவரும். மினதி பௌதி வீட்டுப் பின்படி நேராக அந்தக் குளத்தில்தான் இறங்குகிறது. கல்யாணமாகி வந்த வருடம் அந்தப் படியில் உட்கார்ந்து கால் நனைத்தவர், இப்போது அந்தப் பின்கதவையே ஆணியடித்து மூடி வைத்திருந்தார்.

என் யோசனை, மேட்டைக் களிமண்ணால் மூடி இறுக்கிவிடலாம் என்பது. அதற்கு ரோடு ரோலர் வேண்டும். அந்தச் சந்தில் சரக்கு ஏற்றும் வேன் ரிக்‌ஷாவே ஒருக்களித்துத்தான் நுழையும். "உங்க ரோலரைக் கழட்டி, மூட்டை மூட்டையாத் தூக்கிட்டு வருவீங்களா?" என்று அமுதா கேட்டார். அதோடு, உள்ளே குப்பை அமுங்க அமுங்கக் களிமண் வெடித்துவிடும் என்றார். அவர் சொன்னது மரம். மேட்டின் மேல் இடுப்பளவு நல்ல மண்ணைப் பரப்பி, தண்ணீர் ஓடுவதற்குச் சரிவு கொடுத்து, நெருக்கமாக மரம் நட வேண்டும்.

"மரம் மழையை நிறுத்துமா?" என்று கேட்டேன்.

"அரே, நிறுத்தாது. நீங்க மூடி வேணுங்கறீங்க. நான் பஞ்சு போதுங்கறேன். மேல இருக்கற மண்ணு பஞ்சு மாதிரி. மழை வந்தா அது குடிச்சு வச்சுக்கும், உள்ள இறங்க விடாது. ஆனா பஞ்சை யாராவது பிழிஞ்சு வைக்கணுமில்ல? அடுத்த மழைக்குள்ள அதைக் காலி பண்ணித் தர்றதுக்குத்தான் மரம்."

"எல்லாத்தையும் குடிச்சிருமா?"

"குறையும். நிக்காது." இந்த இரண்டு சொற்களை அவர் எல்லோரிடமும் சொன்னார். வேலைக்குப் பொறுப்பான அதிகாரியிடமும் அதையே சொன்னார். முழுக்க நிற்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தால் ஒப்புதல் ஒரே நாளில் கிடைத்திருக்கும் என்று நான் அப்போது நினைத்தேன். கடைசியில் அவர் சொன்ன வழிக்குத்தான் ஒப்புதல் கிடைத்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. மரம் வேர்பிடித்த பிறகு ஒரு மழைக்காலம் பார்ப்பார்கள். கசிவு குறையாவிட்டால் மரங்களை வெட்டி மேட்டை சிமென்ட்டால் மூடிவிடுவார்கள், குளத்தையும் தூர்த்துவிடுவார்கள்.

புங்கை, மருது, ஓரங்களில் மூங்கில் என்று நட்டோம். வேலை நடக்கும்போது சந்துப் பெண்கள் முருங்கை கேட்டார்கள். வங்காளிகளுக்கும் முருங்கை என்றால் உயிர். பூவையும் விடமாட்டார்கள், காயையும் விடமாட்டார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. "சீக்கிரம் வளருமே, ரெண்டு போத்து வச்சா என்ன?" என்றேன். "வச்சா உங்க சாம்பாருக்குள்ள குரோமியம் வரும்" என்றார் அமுதா. தின்னக்கூடிய எதுவும் அந்த மண்ணில் இருக்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். மறுவாரம் வேலியோரம் யாரோ ஊன்றியிருந்த முருங்கைப் போத்தைப் பிடுங்கி எறிந்தார். அது நான் ஊன்றியது என்பதை அடுத்த நாள் டீக்கு முன்னால் சொன்னேன்.

முதல் கோடையில் கன்றுகள் வேர்பிடிப்பதற்காகத் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த பங்குனியில் அமுதாவின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கொல்கத்தாவில் பாதிப் பேர் செய்வதுபோல அவரும் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கிளம்பும் அன்று ஹவுரா ஸ்டேஷனில் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான், அண்ணாச்சி. இனிமே தண்ணி ஊத்தக் கூடாது. இலை வாடும், வாடட்டும். பாதி கொட்டும், கொட்டட்டும். மழை வர்றப்ப மண்ணு தாகத்தோட இருக்கணும்." நான் தலையாட்டினேன். "உங்க கண்ணு முன்னாடி வாடினாலும்" என்று இன்னொரு தரம் சொன்னார். அம்மா நாற்காலியிலிருந்து, "அவருக்குத் தெரியாதாடி? வண்டி வந்துடுத்து, வா" என்றார்.

சித்திரை வெயிலில் மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. வங்காளிகளுடைய பைசாக் மாதமும் நம் சித்திரையும் கிட்டத்தட்ட ஒரே நாளில் பிறக்கின்றன. அந்த மாதம் முழுக்க வங்காளி வீடுகளில் துளசிச் செடிக்கு மேலே அடியில் துளையிட்ட ஒரு மண் கலயத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். துளையில் செருகிய புல் வழியாகத் துளித்துளியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெயிலில் துளசி வாடக் கூடாது என்பது வழக்கம், புண்ணியமும்கூட. அதற்கு ஜாரா என்று பெயர். மேட்டின் மேல் ஏறிய எனக்கு முன்னால், ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று கம்புகள் நட்டு ஒரு கலயம் தொங்கிக்கொண்டிருந்தது. மினதி பௌதியும் சந்துப் பெண்களும் செய்த வேலை.

"பாவம் தாதா, பச்சப் புள்ளைங்க. அமுதாதி வர்றதுக்குள்ள செத்துரும்" என்றார் பௌதி. அவர் வங்காளத்தில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கலயங்களை நிரப்பப் பெண்கள் குடம் குடமாகச் சுமப்பதைப் பார்த்து, படித்த என் மூளை வேலை செய்தது. ஒரு பெரிய டிரம் கொண்டுவந்து வைத்தேன். தெருக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்தேன். துளைகள் சிறியதாக இருக்கின்றன என்று ஆணி வைத்துப் பெரிதாக்கினேன். கன்றுக்கு ஒரு கலயம் போதாது என்று இரண்டு கட்டச் சொன்னேன். மாதம் முடிவதற்குள் மேடு பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. பெண்கள் என்னைக் கும்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலூருக்குப் பேசும்போது, "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

மழை வந்தது. மூன்றாவது நாள் கசிவுக் கிணறு விளிம்பு வரை நிரம்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து, மஞ்சள் தண்ணீர் குளத்துக்குள் ஓடியது. அன்று சாயங்காலம் அந்த அதிகாரி என்னை அழைத்தார். "களிமண்தான் சரின்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றார். வெட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற சந்தோஷம். பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் அமுதா வேலூரிலிருந்து திரும்பினார். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேராக மேட்டுக்கு வந்தார். அவரிடம் ஒரு துளைக்கோல் உண்டு. இரும்புத் தண்டு, நுனியில் திருகு, மேலே மரப்பிடி. அதைத் திருகி ஆழத்திலிருந்து மண் எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார். கோடை முடிகிற நேரத்தில் அந்த மண் உதிர வேண்டும். உருண்டை பிடித்து நின்றால் அதற்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது மழை வந்துவிட்டதால் அந்தச் சோதனையில் எதுவும் தெரிந்திருக்காது. அவரும் துளைக்கோலை எடுக்கவில்லை. கன்றுகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். கோடை முழுக்கப் பட்டினி கிடந்த கன்றில் அவ்வளவு இலை இருக்காது. மாதம் முடிந்து கலயங்களை இறக்கியிருந்தார்கள், ஆனால் கம்புகளை யாரும் பிடுங்கவில்லை. கயிறுகள் மழையில் நனைந்து தொங்கின. ஒரு கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் காலை நான் அலுவலகத்தில் டீ குடிக்கவில்லை. அடுத்த நாளும் குடிக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய் சொல்லிவிட்டுக் குவளையைத் தொட எனக்குக் கை வரவில்லை. மூன்றாம் நாள் அவர் ஆறிப்போன என் குவளையை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "அண்ணாச்சி, மூணு நாளா நீங்க டீ குடிக்கலை" என்றார்.

சொல்லிவிட்டேன். டிரம், ரப்பர் குழாய், ஆணி, இரண்டாவது கலயம், அந்தச் சந்தோஷம் வரைக்கும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதை என்கிட்ட சொன்னாப் போதாது" என்றார். "நீங்க வாயைத் திறக்கலைன்னா மரம் தோத்துப் போச்சுன்னு எழுதிடுவாங்க. இனி எந்த மேட்டுலயும் எவனும் மரம் வைக்க மாட்டான். பௌதிக்குக் குளமும் போயிடும்."

அன்று மத்தியானமே குளத்தங்கரையில் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தைக் குறை சொன்ன ஆளே இப்படிச் சொன்னதால் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். "அப்ப மரம் தோத்ததா, இல்லையா?" என்று அமுதாவைக் கேட்டார். "போட்டியே இன்னும் நடக்கலை, சார். வயிறு நிறைஞ்சவன்கிட்ட சாப்பாட்டை நீட்டியிருக்கோம்" என்றார் அமுதா. இன்னொரு மழைக்காலம் தரலாம் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்.

நாங்கள் பேசியதையெல்லாம் மினதி பௌதி தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. புண்ணியம் என்று அவர் செய்த காரியம்தான் அவர் குளத்தில் விஷத்தை ஊற்றியிருக்கிறது. அமுதா போய் அவர் பக்கத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பௌதியின் மருமகள் டீ கொண்டுவந்தாள். அமுதா அதைத் தொடாமல் சொன்னார்: "பௌதி, டீக்கு முன்னாடி என் தப்பை நான் சொல்லணும். தண்ணி ஊத்தாதீங்கன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டுப் போனேன். ஏன்னு உங்ககிட்ட சொல்லலை. இத்தனை பேரு தினமும் பார்க்கிற மரம். உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்." பிறகு பஞ்சு, பிழிவது எல்லாவற்றையும் ஒரு ஈரத்துணியை வைத்துக் காட்டினார். போகும்போது கசிவுக் கிணற்றில் அளக்கும் மூங்கில் கோலை பௌதியின் கையில் கொடுத்துவிட்டார். "இனி நீங்கதான் சொல்லணும், எத்தனை கோடுன்னு." அதுவரை வாரம் ஒரு முறை போய் அளந்துகொண்டிருந்தவன் நான். கோல் கை மாறியபோது எனக்கு வருத்தமில்லை.

அடுத்த பைசாக் வந்தது. பெண்களுக்கு ஜாரா கட்டாமல் கை குறுகுறுத்தது. கட்டாதீர்கள் என்று மட்டும் சொன்னால் எத்தனை நாள் கேட்பார்கள்? அமுதாதான் வழி சொன்னார். "எங்க தமிழ்நாட்டுல சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பாங்க, பௌதி. நடந்து போறவங்களுக்கு." வங்காளத்திலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று பௌதிக்கு உடனே நினைவு வந்தது. அந்தக் கலயங்களெல்லாம் சந்து முனைக்கு வந்தன. துளைகளை மெழுகால் அடைத்து, ஈரச் சாக்கு சுற்றி, வேன் ரிக்‌ஷாக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மேட்டில் மரங்கள் வாடி நின்றன. பௌதி காலையில் கோலோடு போகும்போது அவற்றைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போவாராம்.

அந்த வருடம் ஆடியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் ஏழு மணிக்குப் போன் வந்தது. "நாலு கோடு, தாதா. குளத்துல மஞ்சள் இல்ல." முந்தைய வருடம் இதே கிணறு விளிம்பைத் தாண்டியது. நான் அமுதாவுக்கு அனுப்பவில்லை, நேராக அழைத்தே சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "குறைஞ்சிருக்கு, அண்ணாச்சி. நிக்கலை" என்றார். அதற்குப் பிறகு யாரும் வெட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. பௌதி பின்கதவின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டார். குளிக்கலாமா என்று அமுதாவைக் கேட்டதற்கு, கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். பௌதி தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறார்.

என் வாழ்க்கையில் எனக்கு நன்மை செய்தவர்கள் பலர் உண்டு. என் தப்பை என் வாயாலேயே சொல்ல வைத்து, அதற்குப் பிறகும் என்னோடு அதே மேசையில் உட்கார்ந்து சிரித்தவர் அமுதா ஒருவர்தான். அந்த மூன்றாம் நாள் அவர் குவளையை எடுத்து வராமல் இருந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். மேடு சிமென்ட்டாகியிருக்கும், நானும் ஜெயித்த மனிதனாக ஓய்வு பெற்றிருப்பேன். அதிலிருந்து என்னைக் காப்பாற்றியதற்கு நான் அவருக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் சாட்சி.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் அம்மா உள்ளேயிருந்து துளைக்கோலை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "இதை வச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன்? அவ ஜாதகம் மாதிரி கட்டிலுக்குக் கீழயே வச்சிருந்தா" என்றார். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு ஹவுராவுக்குப் போனேன். பைசாக் வெயில். சந்து முனையில் கலயங்கள் வரிசையாக இருந்தன. மேட்டில் மரங்கள் என் தலைக்கு மேலே வளர்ந்து, இலை சுருண்டு நின்றன. பௌதி என்னைப் பின்படியில் உட்காரவைத்து டீ கொண்டுவந்தார். மருமகளுக்கும் சேர்த்து மூன்று மண் குவளை. நான் எடுக்கவில்லை.

"பௌதி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "செய்தி வந்த அன்னைக்கு, காளிகாட்ல எல்லாம் முடிஞ்ச பிறகு இங்க வந்தேன். உங்களுக்குத் தெரியாது. அவங்க நட்ட முதல் புங்கைக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டேன். கை கேக்கலை."

பௌதியும் தன் குவளையைத் தொடாமல் இருந்தார். குளத்தைப் பார்த்துக்கொண்டே, "அதே மரத்துக்கு நானும் ஊத்தினேன், தாதா" என்றார். "ஒரே ஒரு செம்பு." பின்னால் கதவடியில் மருமகள் நின்றாள். பௌதி திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மட்டும் இல்லம்மா, சந்துல எல்லாரும்தான்" என்றாள்.

மூவரும் எழுந்து அந்தப் புங்கையடிக்குப் போனோம். துளைக்கோலைத் திருகி இறக்கினேன். தோள் வலித்தது. ஆழத்திலிருந்து வந்த மண்ணைப் பௌதியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரல்களை மூடி இறுக்கி, மெல்லத் திறந்தார். மண் உதிர்ந்தது. சந்து முழுவதும் ஊற்றிய தண்ணீரை அந்த மரம் குடித்து முடித்திருந்தது. அமுதா எனக்கு விட்டுப்போனவை இந்தத் துளைக்கோலும், டீக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டிய பழக்கமும்தான். படிக்குத் திரும்பி வந்தபோது டீ ஆறியிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டதால் மூவரும் குடித்தோம்.